உப்புத் தண்ணீரில் நான்கு மாஸ்க்

கொரோனா இரண்டாம் அலையின்போது, நர்ஸாக இருந்த என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஐந்து என்-95 மாஸ்க் கொடுத்தார்கள். மாதத்துக்கு அவ்வளவுதான். ஒருநாள் போட்டதைக் காகிதக் கவரில் வைத்துவிட்டு, ஐந்து நாள் தள்ளி மறுபடி போட வேண்டும். அதற்குள் கிருமி தானாகச் செத்துவிடுமாம். கவரின்மேல் போட்ட கிழமையை எழுதுவது என் வேலை. காலையும் மாலையும் எண்ணிப் பார்ப்பேன்.

எங்கள் மீனவக் குப்பத்து ஏரிக்காற்றில் கவர்கள் நமுத்துப்போயின. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மச்சான் வேறு சிரித்தான்.

"இன்னா மாமா, பேப்பர்ல வெச்சா செத்துடுமா? உப்பு போடாத மீனுலயே ரெண்டு நாள்ல புழு நெளியுது."

"அஞ்சு நாள்னு சொல்லிருக்காங்கடா."

"நீ எண்ணினே இரு. அது உன்னை எண்ணிடும்."

எங்கள் ஊரில் எதையும் கெடாமல் காப்பது உப்பும் வெயிலும்தான். புதன்கிழமை அவள் வேலைக்குப் போனதும், கவரிலிருந்த நான்கையும் உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வலை காயப்போடும் கயிற்றில் மாட்டினேன். ஒன்றுக்கு இரண்டு கிளிப், மொத்தம் எட்டு. மூன்று மணிக்கெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்று மதியம்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

அனுப்பம்பட்டில் ரயில் இறங்கி, வேன் பிடித்து அவள் வந்துசேர மாலை ஆறாகிவிட்டது. கயிற்றடியிலேயே நின்றுவிட்டாள்.

"நைனா, தண்ணில போட்டியா?"

"உப்புத் தண்ணிமா."

"உள்ள இருக்கிற பஞ்சுல கரண்ட் மாதிரி ஒண்ணு இருக்கு நைனா. அதான் கிருமிய இழுத்துப் புடிக்கும். நனைஞ்சா பூடும். இது இனிமே வெறும் துணி."

"வேற கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"ஒண்ணாந்தேதிதான்."

எண்ணினேன். இன்னும் பத்தொன்பது நாள். மச்சான் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவள் முகத்திலிருந்து கழற்றிக் கொடுத்ததைக் கவரில் வைத்து, 'புதன்' என்று எழுதினேன். காலையில் அதையே எடுத்துப் போட்டு, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு கிளம்பினாள். புதனை அடித்துவிட்டு 'வியாழன்' என்று எழுதினேன். பத்தொன்பது கிழமைக்கு அந்தக் கவரில் இடம் போதாது. மற்ற நான்கு கவர்களும் காலியாகத்தான் இருந்தன.