முகம் கேட்காத பலகை

கைபேசித் திரையில் இருக்கும் முதியவரின் முகத்தை விமலேஸ்வரி பெருவிரலால் மெல்ல மேலே தள்ளுகிறார். தலை மறைகிறது, தோள் மறைகிறது, சட்டைப் பொத்தான்களும் மறைகின்றன. சக்கர நாற்காலியும் அதில் ஊன்றிய இரண்டு முழங்கைகளும் மிஞ்சுகின்றன. சற்று யோசித்து முழங்கைகளையும் வெட்டிவிடுகிறார். ‘கதிரை கிடைச்சிட்டுது. தந்தவைக்கு நன்றி’ என்று எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், போட்டோ கொப்பி எடுக்க மூன்று பேர் நிற்கிறார்கள்.

கிளிநொச்சியில் அரச அலுவலகங்களுக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு தகரக் கடை. படிவம் நிரப்புவதும் கொப்பி எடுப்பதும் பிழைப்பு. சம்பளமில்லாத வேலை ‘ஊர்ப்பலகை’. எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லாத, விளம்பரமே இல்லாத சமூக வலைத்தளம் அது. கணினி படிப்பிக்கும் ஜனகன் அமைத்துக் கொடுத்தார், நடத்துவது விமலேஸ்வரி. ஆனையிறவு உப்பளத்திலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை நாலாயிரம் பேர் அதில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி தேவை, இன்னொருவர் வீட்டில் தையல் மெசின் சும்மா கிடக்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்காக வவுனியாவுக்குப் போகும் ஏழு நோயாளிகளுக்கு வாகனம் ஒழுங்காவதும் அங்கேதான். தளத்தைத் தாங்கும் கணினிக்கு வெளிநாட்டில் வாடகை கட்டவேண்டும். அது முழுக்க நன்கொடை.

எந்தப் பதிவையும் வாய்விட்டு வாசிக்காமல் அவர் அனுமதிப்பதில்லை. வாயின் ஒரு பக்கம் பனங்கட்டித் துண்டு ஒதுங்கியிருக்கும், வெறுந்தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ‘வறுமையின் கோரப்பிடியில்’ என்று ஒரு வரி தொடங்கினால் போதும், எழுதியவருக்கு அழைப்புப் போகும். “பிள்ளைக்கு வேணுமெண்டது சப்பாத்து. சப்பாத்தின்ரை அளவை எழுதுங்கோ. கண்ணீர் எத்தினை சொட்டெண்டு எனக்கு என்னத்துக்கு?”

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு கலண்டர். அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். கடைசி யுத்தத்தில் விமலேஸ்வரி அந்தக் காணியையும் விட்டு அகதி முகாமுக்குப் போனார். தண்ணீர் வாளிக்குக் கை நீட்டியபோது ஒருவர் படம் எடுத்தார். சில வருடங்களின் பின் ஓர் அலுவலகச் சுவரில், ஜூலை மாதத்துக்கு மேலே, அந்தக் கையும் அந்த முகமும் தொங்கின. கூடப் போயிருந்த மகள் சுரேகா, அது நீங்களோ அம்மா என்று கேட்டாள். இல்லை என்றார். மகளுக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான் என்கிறார்.

இந்த வருடம் அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனை வந்தது. சுவிஸில் இருக்கும் பாலன் மூன்று வருடமாக வாடகையில் பெரும்பங்கைக் கட்டி வந்தவர், நல்ல மனிதர். அவருடைய தாயார் காலமாகி ஆண்டுத்திவசம் வந்தது. பலகையால் பயன்பெற்ற ஐந்து பேரைத் தாயாரின் படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, நன்றி சொல்லும் காணொளி ஒன்று எடுத்து அனுப்பச் சொன்னார்.

“அம்மாவின்ரை பேரை எல்லாருக்கும் தெரியப் போடுறன் அண்ணை. வாங்கினவையின்ரை முகத்தைப் போடமாட்டன்.”

பாலன் கோபிக்கவில்லை. அப்படியென்றால் இனி வேறு யாரையாவது பாருங்கள் என்று ஆறுதலாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். வாடகை கட்ட மூன்று கிழமைதான் இருந்தது.

ஒரே ஒரு காணொளிதானே, முதுகுப் பக்கமாக எடுப்போமே என்று ஜனகன் கேட்டுப் பார்த்தார். “முதுகைப் பாத்தாலும் பெத்த பிள்ளைக்குத் தெரியும், தம்பி.” சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் ரோசத்துக்காக அந்த ஏழு பேரும் பஸ்ஸில் நின்றபடி வவுனியாவுக்குப் போவதா? மூன்றாம் நாள் பலகையில் உள்ளதை உள்ளபடி எழுதினார். பாலனின் தாயாருக்கு அஞ்சலியும், மூன்று வருட உதவிக்கு நன்றியும் முதல் வரியில். முகம் காட்டச் சம்மதிக்காததால் முப்பதாம் திகதியோடு பலகை நின்றுபோகலாம் என்பது இரண்டாம் வரியில்.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் ஆட்கள் நின்றார்கள். எல்லோருக்கும் அடையாள அட்டையில் ஒரு கொப்பி வேண்டுமாம். அட்டையிலிருந்த பெயர்களைப் பார்த்ததும் விமலேஸ்வரிக்கு விளங்கியது. எல்லாமே அவர் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பெயர்கள். கண்ணாடி பெற்றவர், தையல் மெசின் பெற்றவர், சப்பாத்துப் பெற்ற பிள்ளையின் தாய். ஒருவரும் பலகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரிய ரூபாய்த் தாளை நீட்டி, மிச்சத்தை வையுங்கோ என்றுவிட்டுப் போனார்கள். அவரும் முன்பின் அறியாதவர்போல வாங்கி வைத்தார்.

இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கும் கனகலிங்கம் இரண்டாம் நாளும் வந்தார்.

“நேற்றும் எடுத்தனீங்கள்தானே, ஐயா?”

“அது துலைஞ்சு போச்சு, பிள்ளை.”

துலைந்த கொப்பி மேசையிலேயே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். விமலேஸ்வரி இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

சேர்ந்த காசை அவர் ஜனகனிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த கிழமை, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜனகன் மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே சொன்னார்: “அக்கா, வாடகையை ஒரு வருசத்துக்குக் கட்டியாச்சு.”

விமலேஸ்வரி “ஓம்” என்றார். காலையிலிருந்து ஓடிய மெசின் சூடாக இருந்தது. அதன் மூடியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். படிவத்தோடு வந்த பெண்ணொருத்தி, அவராக எழும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.