எந்தக் கட்சிக்கு இந்தச் சுண்ணாம்பு?

ஊர்ச் சுவரில் கண்டவர்கள் எழுதுவதை அழிக்க ஒரு ஆள் வேண்டுமே, கடலூர் முனிசிபாலிட்டியில் அது நான்தான். அறுபதுகளில், தேர்தல் சமயத்துக்கென்று எடுத்த தற்காலிக ஆள். புகார் வராமல் பார்த்துக்கொண்டால் நிரந்தரம் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். மேலதிகாரி சொன்னதை நம்பிக் கெட்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

யார் சுவர்?

சுவர்க்காரர் சம்மதித்து எழுதினால் சரி, சம்மதிக்காமல் எழுதினால் குற்றம், அழி. சட்டம் இவ்வளவுதான். முதுநகரில் மண்டிக்கார பாயின் மதில் முழுக்க ஒரு கட்சியின் எழுத்து. "நீங்க சம்மதிச்சீங்களா பாய்?" என்றேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"ஆமான்னா அவுங்க கோவிச்சுப்பாங்க, இல்லேன்னா இவுங்க கோவிச்சுப்பாங்க. உள்பக்கம்தான் தம்பி என் சுவரு, வெளிப்பக்கம் யாருதுன்னு நீங்களே பாத்துக்குங்க!"

வெள்ளை

குழம்பிப்போய் ஓவர்சியரைக் கேட்டேன். "சந்தேகம்னா அழி" என்றார். அழித்தேன். சுண்ணாம்பு காய்வதற்குள் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தார். எங்கள் ஊரில் ஒரு கட்சி சுவருக்கு வெள்ளையடித்தால் அந்தச் சுவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம், எழுத்து பிறகுதான் வரும். அது எனக்கும் தெரியும். என் வாளிக்கும் அதே அர்த்தம்தான் என்பது சத்தியமாகத் தோன்றவில்லை. "நான் முனிசிபாலிட்டி ஆளுங்க" என்றேன்.

"முனிசிபாலிட்டி எலெக்‌ஷன்ல நிக்குதா? எந்தக் கட்சிக்குய்யா வெள்ளையடிக்கிற, மரியாதையா சொல்லு!"

டீ

மறுநாள் அதே வெள்ளையில் எதிர்க்கட்சியின் சின்னம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வரைந்தவர்கள் என்னைப் பார்த்ததும், நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், கையில் டீயைத் திணித்தார்கள். எதிர்க் கடையில் சைக்கிள்காரர் முறைத்துக்கொண்டு நின்றார். டீ கொடுத்த பையன் அவர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னான்.

"மாமா அடிச்ச வெள்ளையில நீலம் என்னமா புடிக்குது! நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் வந்துடுங்க மாமா."

புகார்

இனி யாருமே எழுதாதபடி, மறுபடி வெள்ளையடித்து 'இங்கே எழுதக் கூடாது' என்று எழுதச் சொன்னார் ஓவர்சியர். கைவலிக்கக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அப்பாடா என்றிருந்தது. மறுநாளே ஆபீசுக்குப் புகார் வந்துவிட்டது, சுவர்க்காரர் சம்மதமில்லாமல் எழுதியதாக. கொடுத்தவர் பாய். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆத்திரம் பொறுக்காமல் நேரே மண்டிக்குப் போனேன். "அவ்வளவு பேர் எழுதினாங்க, என்மேல மட்டும் ஏன் பாய்?" என்றேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார்.

"கட்சிக்காரங்கமேல குடுத்தா என்னை அடிப்பாங்க. நீங்க அடிக்க மாட்டீங்களே தம்பி!"

அடுத்த மாதமே சிதம்பரத்தில் ஒரு கட்சிக்காகச் சுவர் எழுதப் போய்விட்டேன், அங்கே யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியும் என்மேல் இன்றுவரை ஒரு புகார் கிடையாது.