மீன் இல்லாத சோற்றுப்பொதி

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போய், முன்னொரு காலத்தில் ஆட்களை அடைத்துவைத்துக் கொன்ற வதைமுகாம் ஒன்றைக் காட்டினார்கள். இங்கே குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது, மனைவி வழிக்குக் கட்டிக்கொடுத்த பயற்றம் பணியாரம் பெட்டிக்குள் அப்படியே இருந்தது.

"அங்க வச்சு ஒண்டும் சாப்பிட மனம் வரேல்லை அப்பா. நீங்களும் ஸ்கூலால இப்பிடி எங்கயாவது போனீங்களா?"

"ஓம், ஒருக்கா," என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அப்படியான ஓர் இடத்தின் வாசலில் நின்று நான் சாப்பிட்டிருக்கிறேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அப்போது ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தை முகாமாக்கி, பிடித்துக்கொண்டு வந்த ஆட்களை வகுப்பறைகளுக்குள் அடைத்திருந்தார்கள். நாங்கள் கோயில் மடத்தில் இருந்து படித்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, உள்ளே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சோறும் மீன் குழம்பும் வாழையிலையில் கட்டுவார். பெரியவர்கள் போனால் கேள்வி வரும் என்பதால் பொதியை நான்தான் கொண்டுபோவேன். வாசலில் காவலுக்கு நிற்பவன் அதை அவிழ்த்து, முதலில் என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்வான். நஞ்சு கிஞ்சு கலந்திருக்குமோ என்று சந்தேகம். நான் மீன் துண்டு உள்ள பக்கமாகப் பார்த்துத்தான் கை வைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று பொதியைத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பெரியம்மாதான் ஒருநாள் மெல்லத் தொடங்கினார். "அமாவாசைக்கு அவன்ர பேரில காகத்துக்கு ஒரு பிடி வையன், பிள்ளை."

"உயிரோட இருக்கிறவனுக்கோ? வாயைக் கழுவுங்கோ அக்கா!"

பெரியம்மா பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு முகாமை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் வீடு வந்தார்கள், மாமா வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கூட்டித் துடைத்துவிட்டு வருவோம் என்று டீச்சர் எங்கள் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலை அம்மா இரண்டு பொதி தந்தார். ஒன்று எனக்கு, மற்றது மாமாவுக்கு.

"அங்க ஒருத்தரும் இல்லாட்டி காகத்துக்கு வச்சிட்டு வா. திருப்பிக் கொண்டு வராதை."

வழியெல்லாம் கூடவந்த பிள்ளைகளின் பகிடிதான். "டேய், இவனுக்கு ரெண்டு வயிறடா! ஒண்டு நிரம்பினாப் பிறகுதான் மற்றது திறக்குமாம்!"

வாசல் திறந்து கிடந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை. மற்றப் பிள்ளைகள் விளக்குமாறுகளோடு உள்ளே ஓடினார்கள். நான் வாசலைத் தாண்டவில்லை. பழக்கத்தில் மாமாவின் பொதியை அவிழ்த்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யாராவது 'போ' என்று சொல்லும்வரை நின்றேன். அப்போதுதான் பார்த்தேன்: பருப்பும் பூசணிக்காய்க் கறியும் மட்டும். மீன் இல்லை.

டீச்சர் திரும்பி வந்தார். "ஆருக்கடா அது?"

"மாமாவுக்கு, டீச்சர்."

அவர் என் கக்கத்திலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பொதியோடு ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய வகுப்பின் யன்னல்களைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். பகலிலும் உள்ளே இருட்டு. "மாமா" என்று ஒருதரம் கூப்பிட்டேன். பிறகு வெளியே வந்து பொதியை மதிலில் விரித்து வைத்தேன். காகங்கள் வந்தன.

வீட்டு வாசலில் அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காகம் எடுத்ததோ?"

"ஓம். ஆனா முதல்ல நான் ஒரு வாய் சாப்பிட்டிட்டன்."

காகத்துக்கு வைக்கிற சோற்றை எச்சில் படுத்தக்கூடாது. அடி விழும் என்று முதுகை நெளித்தேன். அம்மா என் தலையைத் தடவினார்.

"பரவாயில்லை. அவன் உன்ர எச்சில் எத்தினை தரம் சாப்பிட்டவன்."

"மீன் வைக்க மறந்திட்டீங்கள், அம்மா," என்றேன்.

அம்மா நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த சேலையோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். காலையில்தான் முழுகியிருந்தார். சரியான வெயில், அதுதான் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் இரண்டு வாளி ஊற்றினார். தண்ணீர் நல்ல குளிர்ச்சி. இன்னும் ஊற்றச் சொல்லிக் கேட்டுத் துள்ளினேன்.