மினிபஸ்ஸில் ஓடிய என் முதல் டிராக்

1. போர் மோட்டார்

காரைக்குடியில் வீட்டு மாடியறையில் லேப்டாப்பும் பழைய சிந்தசைசரும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் மியூசிக் செய்கிறவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதல் டிராக் பற்றிக் கேட்பார்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

ஒலிகளையெல்லாம் கோத்து மிக்ஸ் முடித்த அன்று அதை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டேன். அப்பா பதறிப்போய் போர் மோட்டாரை நிறுத்தக் கொல்லைக்கு ஓடினார். "தண்ணி ஏறாமச் சும்மா ஓடுது போல" என்றார். அவர் கேட்டது என் பேஸ் லைன், பாட்டின் அடியில் உறுமுகிற கனத்த ஒலி. அம்மா பொறுமையாகக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கோ முகம் தெரியாதவர்கள் லைக் போடுவது இருக்கட்டும், இந்த ஊரில் ஒரே ஒரு ஆளாவது இதைப் பாட்டென்று ஒத்துக்கொள்ளாமல் வெளியிடப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

2. கல்லல் டிரிப்

அம்மாவின் தம்பி செல்வம் மாமா கல்லல் போகும் மினிபஸ்ஸின் டிரைவர். அந்த பஸ் ஸ்பீக்கர் மாதிரி பேஸ் எங்கள் பக்கம் எந்த மண்டபத்திலும் கிடையாது. டிராக்குக்கு வேண்டிய இஞ்சின் உறுமல், ஜன்னல் ஷட்டரின் கடகடப்பு, கண்டக்டர் ஜமால் அண்ணனின் விசில் எல்லாம் அதே பஸ்ஸில்தான் ரெக்கார்ட் செய்திருந்தேன். விசிலைத் தாளத்துக்குள் நுழைத்ததில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும் என்பது மட்டும் அந்தப் பெருமையில் மறந்துபோயிற்று.

கெஞ்சிக் கூத்தாடி மாமாவிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். டிராக் ஓடியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. நிம்மதியாக ஜன்னலோரம் சாய்ந்தேன்.

பாட்டில் முதல் விசில் வந்தது. மாமா பிரேக் போட்டார்.

"யாரு எறங்குறது?"

"யாரும் இல்லைண்ணே, எதுக்கு நிப்பாட்டுனீக?" என்றார் ஜமால் அண்ணன்.

"நீதானடா விசில் அடிச்ச?"

"என் விசில் பையில கெடக்குண்ணே!"

அதற்குள் பாட்டில் இரண்டு விசில். மாமா கால் தானாகக் கிளட்சுக்குப் போனது, வண்டி கிளம்பியது. மறுபடி ஒன்று. நின்றது. மறுபடி இரண்டு. யாரோ வைத்திருந்த தக்காளிக் கூடை கவிழ்ந்து பஸ் முழுக்க உருண்டது. நான் குனிந்து தக்காளி பொறுக்குகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக மாமாவுக்குப் புரிந்தது. இனி விசிலுக்கு நிற்பதில்லை என்று அவர் வைராக்கியமாக ஓட்ட, ஜமால் அண்ணன் நிஜமாகவே அடித்த விசிலும் அதோடு போயிற்று. ஆலமர ஸ்டாப்பில் இறங்க வேண்டிய ஒரு அக்கா, "ஐயையோ, என் ஸ்டாப்பு!" என்று அலறினார்.

மாமா வண்டியை ஓரங்கட்டி, பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "எறங்குத்தா. அந்த அம்மாவக் கொண்டுபோய் அவுக ஸ்டாப்புல விட்டுட்டு, நீ நடந்தே வீட்டுக்குப் போ."

3. திரும்பி நடந்தது

அந்த அக்கா பெயர் மல்லிகா, தையல்காரர். வெயிலில் கொஞ்ச தூரம் திட்டிக்கொண்டே வந்தார். திட்டு ஓய்ந்ததும், "அந்தக் கூத்து உன் பாட்டாலதானா?" என்றார். தலையாட்டினேன்.

"விசிலுக்கு முன்னால தையல் மெஷின் ஓடுற கணக்கா ஒண்ணு வந்துச்சே, அத பஸ் இல்லாமக் கேக்க முடியுமா?"

போனிலும் அந்த டிராக் இருந்தது. ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டேன். நடந்துகொண்டே கேட்டார். திடீரென்று நடுரோட்டில் நின்றுவிட்டார். நான் பயந்துபோனேன். அடுத்த நொடி மறுபடி நடந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றார். விசில்! இந்த முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வேண்டுமென்றே நின்றார், கிளம்பினார், இடுப்பை லேசாக ஒடித்துக்கூட ஒரு தரம் நின்றார்.

ஸ்டாப் வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றித் தரவில்லை. "இரு, பாட்டு முடியட்டும்" என்றார்.

அன்றைக்கே வெளியிட்டேன். மிக்ஸை எத்தனை ஸ்பீக்கரில் வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், ஆனால் ஒரு மனுஷர் காதில் போட்டு அவர் காலைப் பாருங்கள். விசிலை எடுக்கச் சொல்லி மாமா இன்னும் கேட்கிறார். எடுக்க மாட்டேன்.