மூட்டைக்குச் செய்த மெஷின்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கள்ளக்குறிச்சியில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதில் நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் வருகிறவர்களுக்கு. அரிசி ஆலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பது தொழில். இப்படிப்பட்டவன் கையில் போய் அந்தப் புத்தகம் மாட்டியது.

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். ஓர் அமெரிக்கத் தொழிலதிபரின் வாழ்க்கைக் கதை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னையும் அவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துச் சிரிப்பீர்கள். தகரக் கொட்டகையில் தொடங்கி, தானே இயந்திரங்களைக் கண்டுபிடித்து, ஆலைகள் கட்டி, கடைசிக் காலத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வாரிக் கொடுத்த மனுஷன். பஸ் எலவனாசூர்கோட்டை தாண்டுவதற்குள் கண்டுபிடிப்புகளைப் படித்து முடித்துவிட்டேன். நடுவில் நீளமாக ஓர் அத்தியாயம். இளம் வயதில், வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் மாதக்கணக்கில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒருத்தர் நிற்பதை எத்தனை பக்கம் படிப்பது? அதைத் தள்ளிவிட்டு, அவர் வாரிக் கொடுத்த இடத்துக்குத் தாவினேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தகரக் கொட்டகை என்னிடமும் இருந்தது. கண்டுபிடிப்பும் கொடையும்தான் பாக்கி. மலைமேல், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பெண்கள் இன்னமும் சாமையை உரலில் குத்தித்தான் தோல் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி, போய்ப் பார்க்கவில்லை. ஆறு மாதம் வெட்டியும் ஒட்டியும் ஒரு மெஷின் செய்தேன். ஒரு மூட்டை சாமை வாங்கி ஓட்டினேன். அரிசி பூப்போல வந்தது. பித்தளைத் தகட்டில் முழ நீளத்துக்கு என் பெயரை வெட்டி, கீழே ‘அன்பளிப்பு’ என்று போட்டு, முகப்பில் திருகினேன்.

"இன்னாங்க, மெஷின வுட பேரு பெருசா கீது?" என்றாள் மனைவி. அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஊர்ப் பொது அறையில் வைத்து, மாலை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பதினைந்து நாளைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. மறுபடி மலைக்கு பஸ் ஏறினேன். மெஷின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. சாக்கின் மேல் ஒரு கோழி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகளிர் குழுத் தலைவியிடம் கொடுத்திருந்தேன். அந்தம்மாவைக் கூப்பிட்டேன்.

"எத்தினி மூட்டை ஓட்டுனீங்க?"

"மூட்டைக்கு எங்கண்ணே போறது? ரெண்டு படி போட்டோம். பாதி தோலோட வருது, மீதி நொய்யா கொட்டுது."

"ரெண்டு படி யாரு போடச் சொன்னது? பத்து வூட்டு சாமைய ஒண்ணா கொட்டுங்க!"

"அதெப்படிண்ணே? புதுச் சாமைய அவங்கவங்க வூட்டு சாமிக்கு படைக்காம கலக்க மாட்டோம். அப்புறமும், ஜாஸ்தியா தோலெடுத்து வெச்சா கசந்துபூடும். ரெண்டு நாளைக்கு வேணுங்கிறதத்தான் எடுப்போம்." கோழியை விரட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "படையலுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லாட்டி எறக்கிக்கினு போய்டுங்கண்ணே. வெதை வெக்க எடம் வேணும்."

லாரியில் நெல் வந்து இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த புத்தி என்னுடையது. தானியம் என்றாலே மூட்டை. என் மெஷினுக்குள் இருக்கும் அரவை அறை நிறைந்து, மணியோடு மணி உரசினால்தான் தோல் கழலும். இரண்டு படி அதில் ஒரு மூலைக்குக் காணாது. மாலை போட்டு ஏற்றிய மெஷினை நானே இறக்கிக்கொண்டு வந்தால் கள்ளக்குறிச்சியில் எந்த முகத்தோடு நடப்பேன்? ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் அந்த அமெரிக்கரைத் திட்டுவதற்காகவே புத்தகத்தை எடுத்தேன். தள்ளிவிட்ட அத்தியாயத்தை அப்போதுதான் படித்தேன்.

மறுநாளே மலையேறி, அந்தம்மா வீட்டு வாசலில் நின்றேன். அவர் குத்துவதையும் புடைப்பதையும் மறுபடி குத்துவதையும் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கை பரபரத்தது. "இன்னாண்ணே, நின்னுகினே கீறீங்க?" என்று அவர் சிரித்தார். இரண்டாம் நாள் கண்ணில் பட்டது உரல் குழி. அது சின்னது. இரண்டு படியிலேயே நிறைந்து, மணிகள் ஒன்றோடொன்று நெருக்கி உரசுகின்றன. ஆயுசெல்லாம் அரவை அறை கடைந்தவனுக்கு இதைப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று.

பட்டறைக்கு ஓடிவந்து, உரல் குழியளவுக்கு அரவை அறை கடைந்து, படையலன்றைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். ஊர்ப் பெண்கள் படியோடு காத்திருந்தார்கள். இப்போது வேறு வம்பு: சாமை ஒரேயடியாகக் கொட்டி அடைத்துக்கொண்டது. அளவாக விழ, சாமை கொட்டும் வாயில் இழுத்துத் திறக்கவும் தள்ளி மூடவும் ஒரு தகடு வேண்டும். கீழே போய்வந்தால் படையல் முடிந்துவிடும்.

"அந்த பித்தளத் தகடு தோதா இருக்குமேண்ணே," என்றார் அந்தம்மா.

அது என் கண்ணிலும் பட்டிருந்தது. படாதமாதிரி இருந்தேன். கழற்றி, நடுவில் வைத்து அறுத்தபோது வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். பெயரில் இரண்டு எழுத்து தப்பியது, அதுவும் உள்பக்கம் போய்விட்டது.

மெஷின் ஓடியது. இரண்டு படியும் நொய் இல்லாமல், உமி இல்லாமல் இறங்கின. அந்தம்மா முறத்தில் ஏந்திக்கொண்டு வீட்டுச் சாமியிடம் ஓடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பெண் தன் படியைக் கொட்டி, தகட்டை இழுத்தாள். வெளியே கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.