சும்மா நிற்கிற இரண்டு வினாடி

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு மென்பொருளோடு என்ன உறவு என்று கேட்டால், ஒரு எழுத்துப் பிழைதான் என்பாள். திரையில் 'திருப்பப்பட்டது' என்று வரவேண்டிய இடத்தில் 'திருப்பபட்டது' என்று வரும். தினம் இருநூறு தடவை அதைப் பார்த்து எரிச்சல் தாங்காமல், அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் போட்டாள். "இது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம். நீங்களே திருத்தி அனுப்புங்களேன்" என்று பதில் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் ஒரு மாதம் முட்டி மோதி, அந்த 'ப்'பைச் சேர்த்து அனுப்பிவிட்டாள். மென்பொருள் செய்யும் குழுவில் அவளுக்குப் 'புள்ளியக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஒரு புள்ளிக்கா இந்த ஆட்டம்?" என்று கணவர் சிரித்தார். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறதே பொழைப்பா வச்சிருக்கிறவர் பேசற பேச்சா இது?" என்று வாயை அடைத்தாள்.

ஒன்பது வருஷத்தில் அந்த மென்பொருளைப் பராமரிக்கும் நாலு பேரில் அவளும் ஒருத்தி ஆகிவிட்டாள். இந்த வருஷம் பள்ளி விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது என்று குழு முடிவு செய்தது. அவளுக்கு வாய்த்தது பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி. சனிக்கிழமை மதியங்களில் வீடியோவில் பேச்சு. சுலபமான வேலைகளாகப் பொறுக்கி வைத்திருந்தாள் புள்ளியக்கா. அந்தப் பெண் முதல் வாரமே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"மேடம், இங்க ஒரு வரி இருக்கே. புத்தகம் திரும்பி வந்ததும் ரெண்டு வினாடி சும்மா நிக்கச் சொல்லுது. பக்கத்துல 'தொடாதீர்கள்'னு எழுதியிருக்கு. ஏன்?"

"மேடமெல்லாம் வேண்டாம்மா, அக்கான்னு கூப்பிடு. அது பழைய வரி. விட்டுடு."

"சரிக்கா. ஆனா ஏன்?"

புள்ளியக்கா அந்த வரியைத் திரையில் திறந்து பார்த்தாள். அந்த இரண்டு வினாடியை மேசையில் தினமும் காத்துக் கழிப்பவளே அவள்தான். உள்ளே போய் வேலை செய்யும்போதெல்லாம் அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. முகம் சூடாகிவிட்டது.

"தெரியலம்மா" என்றாள். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. "சத்தியமா தெரியல. வா, தேடிப் பார்க்கலாம்."

பெண் தன் பிரதியில் அந்த வரியை எடுத்தே பார்த்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. எழுதியவர் யார் என்று பார்த்தால், பதினோரு வருஷத்துக்கு முன்னால் 'குருவி' என்ற பெயரில் யாரோ. அனுப்பிய மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது. குழுவில் கேட்டதற்கு, அந்தக் காலத்துக் கணினி மந்தம் என்றார் ஒருவர். மேசைக்காரர் மூச்சு விடட்டும் என்று போட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். எல்லாம் குத்துமதிப்பு.

"ரெண்டு வினாடிக்கு ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுக்கறியே" என்றார் கணவர். பிறகு அவரே, "ஒரு படம் புரியலன்னா, அன்னிக்கு அதே ஆளுக்கு எடுத்த மத்த படத்தையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம்" என்றார்.

புள்ளியக்கா சொல்லி அதைக் கேட்ட பெண் அந்த வாரம் குருவி செய்த மற்ற வேலைகளைத் தோண்டி எடுத்தாள். திரை எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார். இணையம் அறுந்தாலும் ஓடும்படி செய்திருந்தார்.

"அக்கா, வெயில்ல நின்னு பார்க்கிறவங்களுக்குத்தானே பெரிய எழுத்து வேணும்? நெட் இல்லாத இடத்துல..."

"வண்டி!" என்று கத்தியேவிட்டாள் புள்ளியக்கா. "நடமாடும் நூலகம்!"

அடுத்த சனிக்கிழமை காலை பூங்கா வாசலில் அந்த வண்டி நிற்கும் இடத்துக்குப் போனாள். பெண் தன் அப்பாவோடு வந்திருந்தாள். திரையில் நெடுநெடுவென்று தெரிந்தவள் நேரில் தோள் உயரம்தான்.

ஓட்டுநர்தான் வண்டிக்கு நூலகரும். உடம்பெல்லாம் டேப் சுற்றிய பழைய ஸ்கேனரை எடுத்துக் காட்டினார். "எனக்கு முன்னாடியே வேலைக்குச் சேர்ந்தது. என்னைவிட சீனியர்."

வரி நீக்கிய பிரதியை லேப்டாப்பில் ஓடவிட்டு, அதில் ஸ்கேனரை மாட்டினார்கள். ஓட்டுநர் ஒரு புத்தகத்தில் வைத்து அழுத்தினார். பட்டன் சிக்கிக்கொண்டு 'பீப், பீப்' என்று இரண்டு தடவை கத்தியது. முதல் சத்தத்துக்குப் புத்தகம் திரும்பி வந்ததாகத் திரையில் பதிவானது. இரண்டாவதுக்கு அதே ஆள் பெயரில் மறுபடி இரவல் போனதாகப் பதிவாகிவிட்டது! இரண்டு வினாடி நிற்கும்போது அந்த இரண்டாவது சத்தம் மென்பொருளின் காதிலேயே விழாது. அதற்குத்தான் அந்த வரி.

"இதை எடுத்திருந்தா இந்த வண்டிக்கு ஒருத்தரும் புத்தகத்தைத் திருப்பியே கொடுத்திருக்க முடியாது" என்றார் பெண்ணின் அப்பா. ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெண் சிரிக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒரே நம்பர் உடனே மறுபடி வந்தா அதை மட்டும் ஒதுக்கிடலாமே. மத்தவங்க எல்லாரும் எதுக்குச் சும்மா நிக்கணும்?"

அவள் எழுதி அனுப்பியதைக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. பக்கத்திலேயே, எந்த வண்டி, எந்த ஸ்கேனர், என்ன கோளாறு என்று மூன்று வரியில் காரணத்தையும் எழுதி வைத்தாள்.

பள்ளி திறந்தது. புள்ளியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் சொல்லாத வரிகள் இன்னும் எத்தனை என்று தேடினாள். பதினாலு. அதில் ஒன்று, புதன்கிழமை மட்டும் பட்டியலைத் தலைகீழாக அடுக்குகிறது. எதற்காம்? பெண்ணுக்கு எழுதினாள்.

"பரீட்சை இருக்குக்கா, முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்" என்று பதில் வந்தது. "நடுவுல நீங்க கண்டுபிடிச்சிட்டா எனக்குச் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக நூலகத்துக் காவலாளியிடம் போய், "அண்ணே, முன்னெல்லாம் இங்க புதன்கிழமைல என்ன நடக்கும்?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.