ஸ்டாப் லாஸும் மண்டையப்பமும்

தலைவலி தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்வார்கள். என் சித்தியும் நேர்ந்திருந்தாள். சித்தியின் தலைவலி சித்தப்பா. சித்தப்பாவின் தலைவலி ஷேர் மார்க்கெட்.

முந்தின வருஷம் ஏதோ ஒரு பங்கு இறங்க இறங்க, இப்போ ஏறும், இப்போ ஏறும் என்று பிடித்துக்கொண்டே இருந்து, வீட்டுக்குக் கான்கிரீட் போட வைத்திருந்த பணத்தில் பாதியை விட்டிருந்தார். சுவர் மட்டும் எழும்பிய வீடு மழையில் நனைந்துகொண்டு நின்றது. சூடுபட்ட பிறகு அவருக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. விலை இவ்வளவுக்குக் கீழே போனால் தானாகவே விற்றுவிடும்படி காலையிலேயே போனில் போட்டுவைப்பார். அதற்குப் பெயர் ஸ்டாப் லாஸ். ஆனால் விலை அதை நெருங்கும் நேரத்தில், மனசு கேட்காமல் அவரே அதை எடுத்தும்விடுவார். மிச்சப் பாதிப் பணமும் அப்போது ஒரே பங்கில் இருந்தது.

நேர்ச்சை செலுத்தப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கும்பிட்டு முடித்ததும் சித்தப்பா போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுக் கோயிலை ஒட்டிய கடலில் கால் நனைக்க இறங்கினார். நான் சித்தியோடு கரையில் நின்றேன். சற்று நேரத்தில் போன் கத்தியது. சித்தி பார்த்துவிட்டு, பெருவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள்.

“ஏட்டி, அந்த ஸ்டாப் லாஸை எடுத்துரு! நாளைக்கு ஏறிரும்!” என்று சித்தப்பா கத்தினார்.

சித்தி காதருகே கையைக் குவித்தாள். “என்னது? அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல!”

எனக்குத் தெளிவாகவே கேட்டது. “சித்தி, எடுக்கச் சொல்லுதாரு” என்றேன்.

“நீ அப்பத்தைத் தின்னு மக்கா” என்று என் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள்.

சித்தப்பா தொண்டை வற்றக் கத்தினார். பங்கு விற்றுப்போனது. நஷ்டம்தான், ஆனால் கொஞ்சம். திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்தப் பங்கு தலைகுப்புற விழுந்தது. சித்தப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தப்பிச்சோம்ட்டீ” என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயசம் வைக்கப் போனாள். மிஞ்சிய பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி, அடுத்த மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டாயிற்று. எனக்கே நெஞ்சுக்குள் லேசாக இருந்தது.

தூரத்தில் சுண்டல்காரன் முனகினாலே கேட்கிற சித்திக்கு அன்று ஏன் காது கேட்கவில்லை என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. மற்றது புரிய, நானும் சம்பாதித்துக் கொஞ்சம் விட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவ்வளவு கத்திய சித்தப்பா, நாலு எட்டு வைத்துக் கரையேறி வந்து போனை ஏன் வாங்கவில்லை?